வெயில் குத்தகை

வேடசந்தூரிலிருந்து உள்ளே பிரிந்து போகும் ஒரு கிராமத்துச் சாலை. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், அங்கங்கே முருங்கைத் தோப்பு, எங்கேயாவது ஒரு நூல் மில்லின் நீளமான மதில். டவுன் பஸ் ஒரு வளைவு திரும்பியதும் வலது பக்கம் ஏரி ஒன்று பளபளவென்று தெரியும். பங்குனி வெயிலில் குடகனாறே மணலாகக் கிடக்கும்போது இங்கே தண்ணீரா என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. முதல் தடவை வருகிறவர்கள் எல்லோருமே ஏமாறுவார்கள். அது தண்ணீர் இல்லை, கண்ணாடி. ஐந்து ஏக்கரில் வரிசை வரிசையாகத் தெற்குப் பார்த்துச் சாய்ந்து நிற்கும் சோலார் பேனல்கள். ஒரு மெகாவாட் சூரிய மின் நிலையம்.

மெகாவாட் கணக்கில் இது பொடியன். 2016ல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் வந்த நிலையம் 648 மெகாவாட். சுமார் 2500 ஏக்கர், 25 லட்சம் பேனல்கள். அதற்கு முன்பே, 2010 கடைசியில், சிவகங்கை மாவட்டத்தில் 5 மெகாவாட் நிலையம் ஒன்று வந்துவிட்டது. இவற்றோடு ஒப்பிட்டால் இந்த ஐந்து ஏக்கர் வெறும் தீப்பெட்டி. ஆனால் ஒரு நிலையம் எப்படி ஓடுகிறது, அதில் யாருக்கு என்ன வரவு, யாருக்கு என்ன செலவு என்று கணக்குப் பார்க்கச் சின்னதுதான் வசதி. பெட்டிக்கடை நோட்டைப் புரட்டினால் வியாபாரம் புரியும். பெரிய கம்பெனியின் ஆண்டறிக்கையைப் புரட்டினால் தூக்கம்தான் வரும்!

இந்த நிலையம் ஒரு நூல் மில்லுக்குச் சொந்தம். மில் இருப்பது வேறு இடத்தில். இங்கே தயாராகும் மின்சாரத்தை ஈ.பி. கம்பியில் ஏற்றிவிடுவார்கள். அத்தனை யூனிட்டும் மில்லின் பில்லில் கழிக்கப்படும். மின்சாரம் ரசீதைப் பார்த்து ஓடுவதில்லை. பக்கத்தில் எந்த மோட்டார் ஓடுகிறதோ அதற்குள்தான் போகும். ஆனால் கணக்கு மில்லுக்குப் போய்விடும். பேங்க்கில் போட்ட அதே நோட்டா ஏ.டி.எம்மில் திரும்ப வருகிறது? அந்த மாதிரிதான்.

நிலையத்துக்கு மேற்கே வேலியை ஒட்டி இன்னொரு ஐந்து ஏக்கர். முழுக்க மானாவாரி. மழை பெய்தால் சோளமும் தட்டப்பயறும், பெய்யாவிட்டால் கொழுக்கட்டைப் புல்லும் வெள்ளாடும். அதன் சொந்தக்காரர் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். மருமகளும் பேரப்பிள்ளைகளும் ஊரில். பதினெட்டு ஆடுகள். 700 அடி போட்டும் தண்ணீர் வராத போர் ஒன்று, வாயில் கல்லை வைத்து மூடியபடி.

பெரியவருக்கும் நிலையத்துக்கும் முதல் அறிமுகம் ஒரு வழக்கில்தான் ஆரம்பித்தது. வேலியோரம் அவருடைய நிலத்தில் இரண்டு வேப்ப மரங்கள். அப்பா வைத்தது. நிலையத்திலிருந்து ஒருவர் வந்து, சாயங்காலம் இந்த மரத்தின் நிழல் எங்கள் பேனலில் விழுகிறது, வெட்டிக்கொள்ளலாமா, பணம் தருகிறோம் என்று கேட்டார். பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏய்யா, நெழல் விழுகுதுன்னு ஒருத்தன் சண்டைக்கி வருவான்னு நான் கேள்விப்பட்டதே இல்லையே. இந்தக் காட்டுல நெழலுக்குத்தானய்யா எல்லாரும் அலையுறோம்."

வந்தவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒரு மர நிழலுக்கு இத்தனை கவலை எதற்கு என்று தெரிய வேண்டுமானால் அந்தக் கண்ணாடிக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பேனலுக்குள் இருப்பது சிலிக்கான். மணலிலும் குவார்ட்ஸ் கல்லிலும் இருக்கிற அதே சிலிக்கான்தான். அதைச் சுத்தம் செய்து, உருக்கி, ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான கனத்தில் வில்லைகளாகச் சீவுகிறார்கள். அப்பளத்தைவிட மெல்லிசு. சிலிக்கான் அணு ஒவ்வொன்றிலும் வெளிச்சுற்றில் நான்கு எலக்ட்ரான்கள். வில்லையின் ஒரு பக்கத்தில் ஐந்து எலக்ட்ரான் உள்ள பாஸ்பரஸைத் துளியூண்டு கலப்பார்கள். மறு பக்கத்தில் மூன்றே எலக்ட்ரான் உள்ள போரான். ஆக ஒரு பக்கம் உபரி, ஒரு பக்கம் பற்றாக்குறை. காமர்ஸ் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்! உபரி இருக்கிற இடத்திலிருந்து பற்றாக்குறை இருக்கிற இடத்துக்குக் கொஞ்சம் எலக்ட்ரான்கள் தாமாகவே நகர்ந்து, இரண்டும் சந்திக்கிற எல்லையில் ஒரு மின்புலம் உண்டாகிவிடும். அது ஒருவழிக் கதவு மாதிரி. திண்டுக்கல் பூட்டு என்றும் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது வெயில் விழுகிறது. வெளிச்சம் என்பது பொட்டலம் பொட்டலமாக வரும் ஆற்றல். அந்தப் பொட்டலத்துக்குப் போட்டான் என்று பெயர். ஒரு போட்டான் வந்து மோதினால் சிலிக்கானில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு எலக்ட்ரான் கழன்று கிளம்பும். அந்த ஒருவழிக் கதவு அதை ஒரே பக்கமாகத் தள்ளிவிடும். வந்த வழியே திரும்ப முடியாது. வெளியே ஒரு கம்பியைக் கொடுத்தால் அதன் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வீடு திரும்பும். அப்படிச் சுற்றி வரும் ஓட்டம்தான் மின்சாரம். சுற்றும் பாகம் கிடையாது, நீராவி கிடையாது, புகை கிடையாது, சத்தம் கிடையாது.

வெளிச்சம் பட்டால் மின்சாரம் வரும் என்பதை 1839லேயே எட்மண்ட் பெக்கரல் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 19. (செகண்ட் இயர் படிக்கிற வயசு!) பொட்டலக் கணக்கை 1905ல் விளக்கியவர் ஐன்ஸ்டைன். அவருக்கு 1921ஆம் ஆண்டின் நோபல் பரிசு வந்தது எல்லோரும் நினைக்கிற ரிலேட்டிவிட்டிக்காக அல்ல, வெளிச்சம் எலக்ட்ரானைத் தட்டிக் கிளப்புகிற இந்த விதிக்காகத்தான். காரியத்துக்கு ஆகிற சிலிக்கான் செல் 1954ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. விழுந்த வெயிலில் 6 சதவீதத்தை மின்சாரமாக்கியது. 1958ல் வான்கார்ட்-1 செயற்கைக்கோளில் ஏறி விண்வெளிக்குப் போனது. அன்றைக்கு அதன் விலைக்கு ராக்கெட்டில் போகிறவர்களால்தான் வாங்க முடியும். இன்றைக்கு வேடசந்தூர் காட்டில் நிற்கும் பேனல் 20 சதவீதம் வரை மாற்றுகிறது.

ஒரு செல்லில் கிடைப்பது அரை வோல்ட்டுக்குச் சற்று மேல். டார்ச் பேட்டரிகூட ஒன்றரை வோல்ட். அதனால் பூத்தொடுப்பது போல ஒன்றன்பின் ஒன்றாக 60, 72 என்று செல்களைக் கோர்த்து ஒரு பேனல். பேனல்களை மறுபடி கோர்த்து ஒரு சரம். சரத்தின் நுனியில் பல நூறு வோல்ட் நிற்கும். இங்கேதான் நிழல் வில்லனாக நுழைகிறது. சரத்தில் எல்லாச் செல்லிலும் ஒரே மின்னோட்டம்தான் போக வேண்டும். ஒரு செல் நிழலில் சோர்ந்தால் சரம் முழுக்கச் சோரும். தோட்டத்து ஹோஸ் பைப்பை ஓரிடத்தில் மிதித்தால் மொத்தத் தண்ணீரும் குறைவது போல. இதைச் சமாளிக்கப் பேனலுக்குப் பின்னால் மாற்றுவழி டையோடு வைத்திருப்பார்கள். ஆனாலும் நஷ்டம் நஷ்டம்தான். மரத்தை வெட்டச் சொன்னவர் பைத்தியம் இல்லை.

சரங்களில் வருவது நேர்மின்சாரம். வீட்டுக்கும் மில்லுக்கும் வேண்டியது நொடிக்கு 100 தடவை திசை மாறும் மின்சாரம். அந்த மாற்றத்தைச் செய்வது இன்வெர்ட்டர். பவர்கட் காலத்தில் எல்லோர் வீட்டிலும் மூலையில் உட்கார்ந்திருந்ததே, அதன் பெரிய அண்ணன். பிறகு டிரான்ஸ்பார்மர் வோல்டேஜை உயர்த்தி ஈ.பி. லைனில் சேர்க்கும். அவ்வளவுதான் மொத்த நிலையமும்.

வாட்ச்மேன் தம்பி பக்கத்து ஊர்க்காரர். பெரியவருக்குத் தூரத்துச் சொந்தம். அவர் ஒருநாள் சொன்ன தகவல் பெரியவரை ரொம்ப யோசிக்க வைத்தது.

"பெரியப்பா, ஊர்ல கரண்டு போச்சுன்னா இதுவும் நின்னுரும்."

"வெயிலு அடிக்கிதேடா?"

"அடிச்சாலும் நின்னுரும். என் ரூம்ல ஃபேனே ஓடாது."

கேட்பதற்கு அநியாயமாக இருக்கும். பட்டப்பகலில், ஒரு மெகாவாட் நிலையத்தின் வாசலில், வாட்ச்மேன் துண்டால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காரணம் உண்டு. லைனில் மின்சாரம் இல்லை என்று நம்பி ஒரு லைன்மேன் கம்பத்தில் ஏறியிருக்கலாம். அந்த நேரம் இந்தப் பக்கத்திலிருந்து மின்சாரம் ஏறினால் உயிர் போய்விடும். அதனால் ஈ.பி. மின்சாரம் போன அடுத்த கணமே இன்வெர்ட்டர் தானாக அடங்கிவிட வேண்டும் என்பது விதி. பேட்டரியும் தனியாகப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடும் இருந்தால்தான் தன் காலில் நிற்க முடியும். பேட்டரி என்றால் செலவு. இந்த நிலையத்தில் அது இல்லை.

2012ஆம் வருடத்தை நினைவு வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் உறைக்கும். சென்னையைத் தவிர மற்ற ஊர்களில் நாளொன்றுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் மின்சாரம் இல்லாத காலம். திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறைகள் ராவும் ஜெனரேட்டர் வாடகையுமாகத் தவித்தன. நூல் மில்கள் டீசலைக் குடித்து ஓடின. அந்த வருடம் அக்டோபரில்தான் தமிழ்நாடு அரசு சூரிய மின்சக்திக் கொள்கையை வெளியிட்டு, 2015க்குள் 3000 மெகாவாட் என்று இலக்கு வைத்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மெழுகுவர்த்தியில் பரீட்சைக்குப் படித்ததும் சோலார் என்ற வார்த்தை டீக்கடை வரை வந்ததும் ஒரே காலம்.

வெயிலைப் பற்றியும் ஒரு தப்பான எண்ணம் ஊரில் உண்டு. சித்திரைக் கத்திரியில்தான் நிலையம் வெளுத்து வாங்கும் என்று. இல்லை. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. சூடு அதற்கு எதிரி. பேனலின் தரத்தை அளப்பது 25 டிகிரி செல்சியஸில். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் கிட்டத்தட்ட 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். மே மாத உச்சியில் பேனல் 60 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். கையை வைத்தால் தோசைக்கல். அப்போது பதினாலு சதவீதம் காற்றோடு போச்சு! மாசி, பங்குனியில் வானம் துடைத்த மாதிரி இருக்கும், சூடும் அவ்வளவு ஏறியிருக்காது. அதுதான் நிலையத்துக்கு அறுவடைக் காலம். ஆடிக்காற்று பேனலைக் குளிர்விக்கும், கூடவே புழுதியை வாரிப் பூசும். ஐப்பசி அடைமழையில் உற்பத்தி படுத்துவிடும். மழையை நம்பிய பெரியவருக்கு வரவு வரும் மாதத்தில் வெயிலை நம்பிய நிலையத்துக்குப் பஞ்சம். வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நேரெதிர் வெள்ளாமை.

பேனல்கள் தெற்குப் பார்த்து சுமார் பத்து டிகிரி சாய்ந்திருக்கின்றன. திண்டுக்கல் பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்து டிகிரிக்குச் சற்று மேலே இருப்பதால் இந்தச் சாய்மானம். சித்திரை பிறந்து நாலைந்து நாளில் உச்சி வேளைச் சூரியன் மிகச் சரியாகத் தலைக்கு மேல் வரும். நேராக நிற்கும் கம்பத்துக்கு நிழலே இருக்காது. அதன்பின் ஆவணி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். நிலையம் தெற்கைப் பார்த்துக்கொண்டிருக்கும். வருடம் முழுவதுக்கும் கூட்டிக் கழித்துப் பார்த்து வைத்த சமரசம் அது.

துடைப்பதற்குத் தண்ணீர் வேண்டும். ஒரு பேனலுக்கு இரண்டு லிட்டர் என்று வைத்தாலும் மூவாயிரம் பேனலுக்கு ஆறாயிரம் லிட்டர். ஒரு லாரித் தண்ணீர். குடிதண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும் ஊரில் கண்ணாடியைக் குளிப்பாட்ட லாரி வருவதைப் பெண்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. கமுதியில் தண்ணீரில்லாமல் தூசி தட்ட ரோபோ வைத்திருக்கிறார்கள். பொடியனுக்கு அது கட்டுப்படியாகாது.

ஆனாலும் நியாயத்தைச் சொல்ல வேண்டும். திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலால் கிணற்றுத் தண்ணீரைப் பறிகொடுத்த ஊர். ஒரு தொழிற்சாலை வந்தால் என்ன வாடை வரும், எந்த ஓடையில் என்ன கலக்கும் என்று பயந்தே பழகியவர்கள். அவர்களுக்கு வாடை இல்லாத, கழிவு நீர் இல்லாத, மண்ணைத் தோண்டாத ஒன்று பக்கத்தில் வருவது சாதாரண விஷயமல்ல.

போன தை கழிந்து இரண்டாவது தடவை ஆள் வந்தது. இந்த முறை மரத்துக்காக அல்ல, நிலத்துக்காக. நிலையத்தை இன்னொரு மெகாவாட் பெரிதாக்கப் போகிறார்கள். ஐந்து ஏக்கரையும் 25 வருடக் குத்தகைக்குக் கொடுத்தால் ஏக்கருக்கு வருடம் 30 ஆயிரம். விற்க வேண்டாம், பட்டா உங்கள் பேரிலேயே இருக்கும், ஒன்றரை லட்சம் ஒவ்வொரு சித்திரையும் பேங்க்கில் ஏறிவிடும் என்றார் புரோக்கர்.

பெரியவர் வாழ்நாளில் அந்தக் காடு எந்த வருடமும் ஒன்றரை லட்சம் கொடுத்ததில்லை. அதில் பாதிகூடக் கொடுத்ததில்லை. கையெழுத்துப் போட அன்றைக்கே பேனாவை எடுத்திருப்பார். தடுத்தவர் மருமகள்.

மருமகள் பத்தாவது வரைதான் படித்தவர். ஆனால் பத்து வருடமாக மகளிர் சுயஉதவிக்குழுவின் கணக்கு நோட்டு அவர் கையில். வட்டிக் கணக்கில் பேங்க் மேனேஜரையே மடக்கியவர் என்று ஊரில் பேச்சு. குத்தகைப் பத்திரத்தை இரண்டு ராத்திரி உட்கார்ந்து வாசித்தார். மூன்றாம் நாள் காலையில் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்.

"மாமா, இருபத்தஞ்சு வருசத்துக்கும் முப்பதாயிரம்னே போட்டிருக்காக. ஏறுற மாதிரி எந்த வரியும் இல்ல."

"அதுக்கென்னம்மா, வருசா வருசம் வருதுல்ல?"

"நம்ம அத்தை நகை எடுத்தப்ப பவுன் என்ன வெல மாமா? இப்ப என்ன வெல?"

பெரியவர் பேசவில்லை. பத்திரம் வைக்கிற பொறி அங்கேதான் இருந்தது. விலைவாசி வருடத்துக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்தால், 25 வருடம் கழித்து வரும் 30 ஆயிரத்தால் இன்றைக்கு ஏழாயிரம் ரூபாய்க்கு வாங்குகிற பொருளைத்தான் வாங்க முடியும். அதே குத்தகை ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் 25ஆம் வருடம் ஏக்கருக்கு 96 ஆயிரத்துக்கு மேல் வரும். ஒரே ஒரு வரிதான் வித்தியாசம். பி.காம் மாணவர்கள் தற்போதைய மதிப்பு என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்வதை அந்த அம்மா பவுன் விலையில் சொல்லிவிட்டார்.

மில் தரப்புக் கணக்கையும் போட்டுப் பார்த்தால்தான் நியாயம். தமிழ்நாட்டு வெயிலில் ஒரு மெகாவாட் நிலையம் வருடத்துக்குச் சுமார் 16 லட்சம் யூனிட் தரும். மில் ஈ.பி.க்குக் கொடுக்கும் உயரழுத்தக் கட்டணம் யூனிட்டுக்கு ஏழு ரூபாய்க்கு மேல். லைனைப் பயன்படுத்தும் கட்டணம், வழியில் போகும் இழப்பு எல்லாம் கழித்து ஐந்து ரூபாய் மிச்சம் என்று வைத்தால் வருடம் 80 லட்சம். அதில் நிலத்துக்கு ஒன்றரை லட்சம். நூறு ரூபாயில் இரண்டு ரூபாய்கூட இல்லை.

இதைக் கேட்டதும் மில்காரரைத் திட்டத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். ஒரு மெகாவாட் போட இன்றைக்குச் சுமார் நான்கு கோடி வேண்டும். அதில் மூன்று கோடி கடன் என்றால் முதல் வருட வட்டியே 27 லட்சம் போகும், அசல் தவணை தனி. அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரியைத் தினம் தினம் வாங்கலாம். விலை ஏறினால் குறைத்துக்கொள்ளலாம். சோலாரில் 25 வருட எரிபொருளுக்கான பணத்தையும் முதல் நாளே பேனலாகக் கொட்டிவிட வேண்டும். சூரியன் பில் அனுப்புவதில்லை, வங்கி அனுப்பும். சூரிய மின்சாரத்தின் விலை என்பது பெரும்பாலும் வட்டியின் விலைதான்.

அந்த முதல் நாள் செலவு குறைந்த வேகம்தான் மொத்தக் கதையையும் மாற்றியது. 2010இல் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஒரு மெகாவாட்டுக்குப் போட்ட மதிப்பு கிட்டத்தட்ட 17 கோடி. அன்று நிர்ணயித்த விலை யூனிட்டுக்கு 17 ரூபாய் 91 காசு. 2014இல் தமிழ்நாட்டு ஆணையம் 7 ரூபாய் 1 காசு என்றது. 2017இல் ராஜஸ்தானின் பட்லாவில் ஏலம் 2 ரூபாய் 44 காசுக்கு வந்து நின்றது. ஏழு வருடத்தில் ஏழில் ஒரு பங்கு! இப்படி விலை இறங்கிய சரக்கு திண்டுக்கல் சந்தையில் தக்காளி மட்டும்தான், அதுவும் மறு வாரமே ஏறிவிடும்.

இன்னொரு ரகசியமும் உண்டு, அது வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது. சூரிய, காற்றாலைச் சாதனங்களுக்கு ஒரே வருடத்தில் 80 சதவீதம் வரை தேய்மானம் கழித்துக்கொள்ளலாம் என்று நெடுநாள் சலுகை இருந்தது. 2017 ஏப்ரலிலிருந்து அது 40 சதவீதம் ஆனது. நல்ல லாபம் பார்க்கும் மில், அந்த லாபத்தில் ஒரு பகுதியை இப்படிப் பேனலாக மாற்றினால் முதல் வருடங்களில் வரி குறையும். பழனி, உடுமலைப் பக்கம் காற்றாலைகள் காடாக முளைத்ததற்குக் காற்றும் காரணம், ஆடிட்டர்களும் காரணம்.

பெரியவரைப் போன்றவர்களே நிலையம் வைத்துக்கொள்ள வழி இல்லையா? காகிதத்தில் உண்டு. 2019இல் மத்திய அரசு கொண்டுவந்த பி.எம். குசும் திட்டத்தின் முதல் பிரிவு அதற்காகவே வந்தது. தரிசு நிலம் வைத்திருக்கும் விவசாயி, துணை மின் நிலையத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் அரை மெகாவாட் முதல் இரண்டு மெகாவாட் வரை போட்டு மின்வாரியத்துக்கே விற்கலாம். ஆனால் அரை மெகாவாட்டுக்கே இரண்டு கோடி. வங்கி எழுபது சதவீதம் தந்தாலும் கையிலிருந்து 60 லட்சம் போட வேண்டும். பதினெட்டு ஆட்டை விற்றால் வருமா?

கூரைக் கதையும் அப்படித்தான். 2024 பிப்ரவரியில் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78 ஆயிரம் ரூபாய் மானியம். மூன்று கிலோவாட் பேனல் நாளுக்கு ஏறக்குறைய 12 யூனிட் தரும். திண்டுக்கல் டவுனில் ஏ.சி. ஓடும் ஒரு வாத்தியார் வீட்டுக்கு அது அருமையான கணக்கு. நாலைந்து வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். பெரியவர் வீட்டிலோ இரண்டு ஃபேன், நாலு பல்பு, ஒரு டி.வி. 2016இல் தொடங்கிய நூறு யூனிட் இலவசத்திலேயே பில் அடங்கிவிடும். மிச்சம் பிடிக்க ஒன்றுமே இல்லாதவருக்கு மிச்சம் பிடிக்கும் இயந்திரம் எதற்கு? அதிகம் செலவழிப்பவருக்குத்தான் சோலார் அதிகம் தரும்.

சின்னாளப்பட்டி தாண்டி மதுரை ரோட்டில் காந்திகிராமம் இருக்கிறது. அங்குள்ள கிராமியப் பல்கலைக்கழகத்தில் கிராமத்து எரிசக்திக்கென்றே ஒரு மையம் உண்டு. புகையில்லா அடுப்பு, சாண எரிவாயு என்று கிராமத்தின் தேவையிலிருந்து எரிபொருளை யோசித்த ஊர் அது. அதே மாவட்டத்தில் நிற்கும் இந்தப் பேனல்களோ மில்லின் தேவையிலிருந்து பிறந்தவை.

மருமகள் குத்தகையே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊரில் சிலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டார்கள். அவர் கேட்டது மூன்று வரிகள். வருடத்துக்கு 5 சதவீதம் ஏற்றம். 25 வருடம் முடிந்ததும் பேனலையும் இரும்புக் காலையும் கான்கிரீட்டையும் கம்பெனியே தோண்டி எடுத்துப் போக வேண்டும். பத்திரத்தின் எட்டாவது பக்கத்தில் இதைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. மூன்று தடவை வாசித்தாலும் யார் எடுக்க வேண்டும் என்று மட்டும் அதில் இல்லை. 2022ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகளில் சோலார் பேனலும் சேர்ந்துவிட்டது. இதெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரியாமலேயே சரியான இடத்தில் விரலை வைத்தார். மூன்றாவது வரி, பேனலுக்குக் கீழே ஆடு மேயலாம்.

மூன்றாவதைக் கேட்டுப் புரோக்கர் சிரித்தார். சிரிக்க ஒன்றுமில்லை. 2015 முதல் முழுக்கச் சோலாரில் ஓடும் கொச்சி விமான நிலையத்தில் பேனல் வரிசைகளுக்கு நடுவே காய்கறி விளைகிறது. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் பேனலுக்குக் கீழே பயிரும் ஆடும் உண்டு. இங்கேயும் புல்லை வெட்ட மாதம் ஒருமுறை கூலி ஆள் வருகிறார். ஆடு என்றால் கூலியே கேட்காது. வெள்ளாடு பேனல் மேலே ஏறிவிடுமே என்றார் புரோக்கர். அது உண்மைதான். வெள்ளாட்டின் குணம் அப்படி. செம்மறி என்றால் ஏறாது என்று பெரியவரே எடுத்துக் கொடுத்தார். பதினெட்டு வெள்ளாட்டையும் விற்றுச் செம்மறி வாங்கும் யோசனை அவருக்குள் ஓட ஆரம்பித்திருந்தது.

கேட்டுச் சொல்கிறேன் என்று பத்திரத்தை வாங்கிக்கொண்டு போனார் புரோக்கர். மாசி போய்ப் பங்குனியும் வந்துவிட்டது. இன்னும் பதில் இல்லை. பக்கத்து ஊரில் வேறு நிலம் பார்ப்பதாக வாட்ச்மேன் தம்பி சொல்கிறார். பெரியவர் சில ராத்திரிகள் திண்ணையில் புரண்டு படுக்கிறார். ஒன்றரை லட்சம் கையைவிட்டுப் போகிறதோ என்ற பயம். மருமகளைக் கேட்க வாய் வருவதில்லை. மருமகளுக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை. மூத்த பேத்திக்கு இந்த வருடம் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும். குழுவில் கடன் எழுதி வைத்திருக்கிறார்.

சாயங்காலம் ஆறு மணி நெருங்கும்போது இன்வெர்ட்டர் அறையிலிருந்து நாள் முழுக்க வரும் ரீங்காரம் மெல்ல இறங்கி நிற்கும். வாட்ச்மேன் தம்பி அன்றைய யூனிட்டை நோட்டில் எழுதுவார். பெரியவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வேலியோரம் வருவார்.

"இன்னிக்கி எவ்வளவுடா?"

"அஞ்சாயிரத்து நூறு, பெரியப்பா."

"நல்ல வெயிலு," என்பார் பெரியவர்.

இரண்டு வேப்ப மரங்களின் நிழலும் நீண்டு, வேலியைத் தாண்டி, முதல் வரிசைப் பேனல்களின் மேல் ஏறியிருந்தது.